திரையும் எங்கள் வசதிக்கு



கணினியைத் திறந்ததும் முதலில் தெரிகின்ற திரையை "டெஸ்க்டொப்" என்கிறோம். மேசையின் மேற்பரப்பு என்று பொருள். கந்தோர் மேசையில் கோப்பும் கடுதாசியும் தபால் தட்டும் இருப்பதுபோலத் திரையிலும் இருக்கட்டும் என்று, 1981ஆம் ஆண்டு செரொக்ஸ் நிறுவனம் விற்பனைக்கு விட்ட "ஸ்ரார்" கணினியில் சின்னங்களை வைத்தார்கள். எங்களிற் பலருக்குக் கந்தோர் மேசை இருந்ததில்லை. இடம்பெயர்ந்து போகும்போது கையில் இருந்தது ஒரு சொப்பிங் பைதான். அடையாள அட்டை, பிள்ளைகளின் பிறப்புப் பத்திரம், காணி உறுதி எல்லாம் அதற்குள்தான்.

1984இல் வந்த அப்பிள் மக்கின்ரொஷ் கணினிக்குச் சின்னங்கள் வரைந்தவர் சூசன் கேர் என்ற அமெரிக்கப் பெண். அவர் படித்தது கணினியல்ல, சித்திரக்கலை. கட்டத்தாளில் 32க்கு 32, மொத்தம் 1,024 கட்டங்கள். ஒவ்வொரு கட்டத்தையும் கறுப்பாக்குவதா, வெள்ளையாக விடுவதா என்பதே வேலை. குறுக்குத்தையல் தைத்த கைகளுக்கு இது புதிதல்ல. அவரும் தான் முன்பு செய்த தையல் வேலையோடுதான் இதை ஒப்பிடுகிறார்.

அவர் வரைந்தவற்றில் ஒன்று, திரி எரிகின்ற குண்டு. கணினி இடையில் பழுதாகி நின்றால் அது தோன்றும். யாருடைய கண்ணிலும் படாது என்றுதான் அவருக்குச் சொல்லியிருந்தார்களாம். ஆனால் பட்டது; கணினி வெடித்துவிடுமோ என்று பயந்தவர்களும் உண்டு. அவர்களுக்கு அது வேடிக்கைப் படம். கிளிநொச்சியில் ஒரு வகுப்பறையில் அது வந்திருந்தால் யார் மறுபடி மௌசைத் தொட்டிருப்பார்கள்?

ஆகவே, திரையில் இருப்பது உங்களுக்குப் பிடிக்கவில்லையென்றால் மாற்றுங்கள். வெற்றிடத்தில் மௌசின் வலப்பக்கத்தை அழுத்தி "பேர்சனலைஸ்" என்பதைத் தெரிவு செய்தால் பின்னணிப் படம், நிறம், "தீம்" எல்லாம் வரும். தீம் என்பது படம், நிறம், ஒலி மூன்றும் சேர்ந்த ஒரு தொகுதி. திடீரென வரும் எச்சரிக்கை ஒலி நெஞ்சைத் திடுக்கிட வைத்தால், அதே இடத்தில் ஒலியை நிறுத்தலாம். இதைக் கேட்க வெட்கப்பட வேண்டாம்.

நான் சொல்லிக்கொடுக்கின்ற வகுப்புக்கு ஒரு அக்கா வந்தார். மாதர் சங்கத்தின் கணக்கு அவர் பொறுப்பு. செல் துண்டு பட்டு ஒரு கண் இல்லை, மற்றதும் மங்கல். "பிள்ளை, எழுத்தெல்லாம் எறும்பு ஊருற மாதிரிக் கிடக்கு. நான் நிக்கப்போறன்" என்றார். இடப்பக்க ஆல்ட், இடப்பக்க ஷிப்ட், பிரின்ட் ஸ்கிரீன் மூன்றையும் ஒன்றாக அழுத்தி, வந்த கேள்விக்கு ஆம் என்றேன். திரை கறுப்பாகி எழுத்து பளிச்சென்று தெரிந்தது. வெற்றிடத்தில் வலப்பக்கம் அழுத்தி, "வியூ" என்பதில் பெரிய சின்னங்களையும் தெரிவு செய்தேன். எழுத்தின் அளவையும் கூட்டினோம். அந்த மாதக் கணக்கை அவரே பதிந்து முடித்தார். பழையபடி வேண்டுமென்றால் அதே மூன்று விசைகள்தான்.

ஒரு கையால் வேலை செய்பவர்கள் ஷிப்ட் விசையைத் தொடர்ந்து ஐந்து தரம் அழுத்துங்கள். அதன்பின் சேர்த்து அழுத்தவேண்டிய விசைகளை ஒன்றன்பின் ஒன்றாக அழுத்தினால் போதும். இடக்கைக்காரர் மௌஸ் பொத்தான்களையும் மாற்றி வைத்துக்கொள்ளலாம்.

இனி அந்தச் சொப்பிங் பை. பத்திரங்களை ஸ்கான் செய்து தனித்தனிப் போல்டர்களில் போட்டு, தமிழிலேயே பெயரிடுங்கள்: "காணி", "பிள்ளைகள்", "காணாமற்போனோர் முறைப்பாடு". போல்டரில் வலப்பக்கம் அழுத்தி "புரொப்பர்ட்டீஸ்", பிறகு "கஸ்டமைஸ்", அதில் "சேஞ்ச் ஐகொன்". பூட்டு, நட்சத்திரம் என்று வேண்டிய படத்தைத் தெரியலாம். ஆங்கிலம் வாசிக்கத் தெரியாத அம்மாவும் படத்தைப் பார்த்துக் கண்டுபிடிப்பார். ஆனால் பொதுக் கணினியின் திரையில் இவற்றை விட்டுவிட்டு வரவேண்டாம். பென் டிரைவ் இரண்டில் பிரதி எடுத்து, ஒன்றை வேறு வீட்டில் வைத்திருங்கள்.

அழகான சின்னம் இலவசம் என்று காட்டுகின்ற தெரியாத தளங்களில் எதையும் இறக்கவேண்டாம். வைரஸ் அப்படித்தான் வரும். தீம்கள் மைக்ரோசொப்ட் ஸ்ரோரிலேயே இலவசமாகக் கிடைக்கின்றன.