இடம் கிடைத்தால் மட்டும் போதுமா?

மத்திய அரசின் உயர்கல்வி நிறுவனங்களில் இதர பிற்படுத்தப்பட்ட வகுப்பினருக்கு 27 சதவீத இடஒதுக்கீடு அளிக்கும் சட்டம் 2006-ஆம் ஆண்டு இயற்றப்பட்டது. அவர்களில் வசதி படைத்த பிரிவினரை விலக்கி, 2008 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அச்சட்டத்தை உறுதி செய்தது. மாற்றுத் திறனாளிகளுக்கு 5 சதவீத இடங்களை 2016-ஆம் ஆண்டுச் சட்டம் வழங்கியது. ஐ.ஐ.டி.க்களில் மாணவியரின் எண்ணிக்கையை உயர்த்த 2018 முதல் கூடுதல் இடங்கள் ஏற்படுத்தப்பட்டன.

பல்கலைக்கழக வாசல் முன்பைவிட அகலமாகத் திறந்திருக்கிறது என்பதில் ஐயமில்லை. உள்ளே நுழைந்த மாணவர் எவ்வாறு நடத்தப்படுகிறார் என்ற கேள்விக்குத்தான் இன்னும் திருப்தியான விடை கிடைக்கவில்லை.

தில்லி அகில இந்திய மருத்துவ அறிவியல் கழகத்தில் தாழ்த்தப்பட்ட, பழங்குடி மாணவர்கள் பாகுபாட்டுக்கு ஆளாவதாக எழுந்த புகார்களை ஆராய, பேராசிரியர் சுகதேவ் தோரட் தலைமையில் 2006-இல் குழு அமைக்கப்பட்டது. விடுதி முதல் வகுப்பறை வரை பாகுபாடு நிலவுவதாக 2007-இல் அக்குழு அறிக்கை அளித்தது. ஒவ்வொரு நிறுவனத்திலும் சமவாய்ப்பு மையமும், பாகுபாடு தடுப்பு அதிகாரியும் இருக்க வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழு விதிமுறை வகுத்தது 2012-இல்.

விதிமுறை ஏட்டில் இருந்தது, மாணவர்களைக் காக்கவில்லை. 2016-இல் ஹைதராபாத் மத்தியப் பல்கலைக்கழக ஆய்வு மாணவர் ரோஹித் வெமுலாவும், 2019-இல் மும்பையில் பழங்குடிப் பெண் மருத்துவர் பாயல் தத்வியும் உயிரை மாய்த்துக் கொண்டனர். 2012 விதிமுறைகளை முறையாக அமல்படுத்தக் கோரி அவ்விருவரின் தாயாரும் 2019-இல் உச்ச நீதிமன்றத்தை நாடினர்.

அவ்வழக்கின் தொடர்ச்சியாக 2026 ஜனவரியில் மானியக் குழு புதிய விதிமுறைகளை வெளியிட்டது. பொய்ப் புகார்களுக்கு வழிவகுக்கும், பொதுப் பிரிவினருக்குப் பாதுகாப்பில்லை என்று எதிர்ப்புக் கிளம்பியது. அதே மாத இறுதியில் அவற்றை நிறுத்திவைத்த உச்ச நீதிமன்றம், அதுவரை 2012 விதிமுறைகளே தொடரும் என்றது. எதிர்ப்பாளர்களின் அச்சத்தைப் புறந்தள்ள வேண்டியதில்லை. நடுநிலையான, காலவரம்புக்கு உட்பட்ட விசாரணை புகார் கூறுபவரைப் போலவே, குற்றம் சாட்டப்பட்டவரையும் காக்கும். ஆனால், புதிய விதிமுறை பற்றிய சர்ச்சை, பழைய விதிமுறையைக் கிடப்பில் போடுவதற்குச் சாக்காகிவிடக் கூடாது.

பாகுபாடு எப்போதும் வசைச்சொல்லாக வருவதில்லை. கட்டணக் கெடுவாகவும் வரும். 2024-இல் உத்தரப் பிரதேசத்தைச் சேர்ந்த கூலித் தொழிலாளி ஒருவரின் மகன், 17,500 ரூபாயை உரிய நேரத்துக்குள் செலுத்த இயலாமல் தன்பாத் ஐ.ஐ.டி.யில் கிடைத்த இடத்தை இழந்தார். உச்ச நீதிமன்றம் தனது சிறப்பு அதிகாரத்தைப் பயன்படுத்திய பிறகே அவருக்கு இடம் கிடைத்தது. ஒவ்வோர் ஏழை மாணவரும் தில்லிவரை வந்து வழக்காட முடியுமா?

பேராசிரியர் நியமனத்திலும் இதே கவனம் தேவை. துறைவாரியாக இடஒதுக்கீட்டைக் கணக்கிட்டால் ஒதுக்கீட்டு இடங்கள் குறையும் என்ற எதிர்ப்பு எழுந்ததால், பல்கலைக்கழகம் முழுவதையும் ஓர் அலகாகக் கொள்ளும் சட்டம் 2019-இல் கொண்டுவரப்பட்டது. தகுதியானவர் கிடைக்கவில்லை என்று எழுதிவிட்டு இடங்களைக் காலியாக வைத்திருந்தால், அச்சட்டத்தின் நோக்கம் நிறைவேறாது. தன் பின்னணியை அறிந்த ஆசிரியர் ஒருவராவது துறையில் இருப்பது, முதல் தலைமுறை மாணவருக்கு எந்தச் சுற்றறிக்கையையும்விடப் பெரிய ஆறுதல்.

செய்ய வேண்டியவை கடினமானவை அல்ல. வந்த புகார்கள் எத்தனை, தீர்க்கப்பட்டவை எத்தனை என்பதை ஆண்டுதோறும் ஒவ்வொரு பல்கலைக்கழகமும் வெளியிட வேண்டும். கல்வி உதவித்தொகை வந்து சேரும்வரை கட்டணத்துக்காக மாணவரை நெருக்கக் கூடாது. தாய்மொழிவழியில் படித்து வந்தவர்களுக்கு முதல் பருவத்திலேயே ஆங்கிலப் பயிற்சி அளிக்க வேண்டும். இவற்றில் தவறினால் துணைவேந்தரே பொறுப்பு என்ற நிலை வர வேண்டும்.

எத்தனை பேரைச் சேர்த்தோம் என்று பெருமை பேசும் நிறுவனங்கள், எத்தனை பேர் தலைநிமிர்ந்து பட்டம் பெற்றுச் சென்றனர் என்பதற்கும் கணக்குக் காட்டியாக வேண்டும்.