படிக்காமல் எண்ணுகிறவர்கள்

கதை எழுதிப் பிழைக்கிற எனக்கு ஆராய்ச்சிச் சஞ்சிகைகளைப் பற்றிப் பேச என்ன யோக்யதை என்று யாராவது கேட்டால், இரண்டு யோக்யதைகள் உண்டு என்பேன். பத்திராதிபர்கள் திருப்பி அனுப்பிய கதைகள் என் அலமாரியில் ஒரு தட்டு நிறைய இருக்கின்றன. எழுதியது திரும்பி வருவது என்றால் என்னவென்று எனக்குத் தெரியும். இரண்டாவது, அப்படிப்பட்ட ஒரு சஞ்சிகைக்குச் செலுத்திய கட்டணத்தில் பாதி என் பணம்.

அதைப் பிறகு சொல்கிறேன். முதலில் ஊரறிந்த சங்கதி.

2013-ஆம் வருஷம் ஜான் பொஹானன் என்ற பத்திரிகையாளர் ஒரு காரியம் செய்தார். லைக்கன் என்கிற கற்பாசியிலிருந்து எடுத்த ரசாயனம் ஒன்று புற்றுநோயைத் தடுக்கிறது என்று ஒரு பொய்க் கட்டுரை தயாரித்தார். எழுதியவர் பெயரும் கற்பனை. எரித்ரியா நாட்டில் அவர் வேலை பார்ப்பதாகச் சொன்ன ஸ்தாபனமும் கற்பனை. மருந்தின் அளவு கூடக்கூடப் பலனும் கூடுகிறது என்று எழுத்து சொல்லும். பக்கத்திலுள்ள படமோ அப்படி ஒன்றுமில்லை என்று காட்டும். ஐந்து நிமிஷம் கவனித்துப் படித்தால் அகப்பட்டுவிடக்கூடிய திருட்டு. இதையே சில்லறை மாறுதல்களுடன் 304 சஞ்சிகைகளுக்கு அனுப்பினார். 157 சஞ்சிகைகள் ஏற்றுக்கொண்டன. 98 நிராகரித்தன. மற்றவை முடிவு ஒன்றும் சொல்லவில்லை. அவர் அனுப்பிய சஞ்சிகைகளில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு நம் இந்தியாவிலிருந்து நடப்பவை. ஏற்றுக்கொள்வதில் நம்மவர்கள் சோடை போகவில்லை.

நம்மவர்கள் மட்டுமல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். உலகப் பிரசித்தி பெற்ற பெரிய பிரசுர நிறுவனங்கள் நடத்தும் சஞ்சிகைகள் சிலவும் அந்தப் பொய்யை ஏற்றுக்கொண்டன. எழுதுகிறவரிடம் பணம் வாங்கும் சஞ்சிகைகளுக்கு மட்டுமே பொஹானன் அனுப்பினார், சந்தா வாங்கும் பழைய சஞ்சிகைகளைச் சோதிக்கவில்லை என்று ஓர் ஆட்சேபம் எழுந்தது. நியாயமான ஆட்சேபந்தான். லண்டன் 'லான்செட்' அந்தப் பழைய சஞ்சிகைகளில் ஒன்று. தடுப்பூசிக்கும் ஆட்டிஸத்துக்கும் முடிச்சுப் போட்ட வேக்ஃபீல்டின் கட்டுரையை 1998-இல் வெளியிட்டது அதுதான். பன்னிரண்டே குழந்தைகளை வைத்துக்கொண்டு எழுதியது. வழக்கறிஞர்களிடமிருந்து அவருக்குப் பணம் வந்த சங்கதி 2004-இல் அம்பலமாயிற்று. கூட எழுதியவர்களில் பத்துப் பேர் அந்த வருஷமே பின்வாங்கினார்கள். சஞ்சிகை முழுக் கட்டுரையையும் வாபஸ் வாங்கியது 2010-இல். பன்னிரண்டு வருஷம்! நம் வாராந்தரிகளில் ஒரு துணுக்குத் தப்பாக வந்தால் அடுத்த இதழில் வருந்துகிறோம் என்று போட்டுவிடுவார்கள். இதற்குள் எத்தனை தாய்மார்கள் பயந்துபோய்க் குழந்தைக்கு ஊசி போடாமல் இருந்தார்களோ.

ஒழுக்க விதிகள் இல்லாமற்போனதால் வந்த வினையல்ல இது. 1997-இலேயே பிரிட்டனில் சஞ்சிகை ஆசிரியர்கள் கூடி 'கோப்' என்ற பிரசுர ஒழுக்கக் குழுவை ஆரம்பித்தார்கள். யார் பெயரைப் போடலாம், யார் பெயரைப் போடக்கூடாது, ஒரே சரக்கை இரண்டு இடத்தில் விற்கலாமா, எல்லாவற்றுக்கும் அங்கே வழிமுறை இருக்கிறது. படிப்பதற்குக் கண்ணியமாகவும் இருக்கிறது.

பணம் வாங்கிக்கொண்டு எதையும் அச்சேற்றும் இந்தப் பத்திரிகைகளுக்கு அமெரிக்க நூலகர் ஜெஃப்ரி பீல் 'வேட்டைப் பத்திரிகைகள்' என்ற அர்த்தத்தில் ஒரு பெயர் வைத்தார். பெயர் நிலைத்துவிட்டது. எனக்கென்னவோ அது பிடிக்கவில்லை. வேட்டை என்றால் மானுக்குத் தெரியாமல் புலி பாய வேண்டும். சில இடங்களில் அப்படியும் நடந்திருக்கிறது. ஐதராபாத்தின் ஓமிக்ஸ் நிறுவனம் கட்டணத்தை முன்கூட்டிச் சொல்லாமலும், நிபுணர்கள் பரிசீலித்ததாகப் பொய் சொல்லியும் ஆசிரியர்களை ஏமாற்றியது என்று அமெரிக்கக் கோர்ட்டு 2019-இல் ஐந்து கோடி டாலருக்கு மேல் கட்டச் சொல்லித் தீர்ப்பளித்தது. ஆனால் பெரும்பாலான இடங்களில் மான் தானே பர்ஸைத் திறந்துகொண்டு புலியைத் தேடிப் போகிறது. இது வேட்டையல்ல, கடை. கடைக்காரனுக்கும் தெரியும், வாங்குகிறவருக்கும் தெரியும். தெரியாதவர்கள் அந்தக் கட்டுரையை நம்பிப் பாடம் படிக்கிற பையனும் மருந்து சாப்பிடுகிற நோயாளியுந்தான்.

கடைக்கு வாடிக்கையாளரை அனுப்பி வைப்பவர் யார்? பல்கலைக்கழக மானியக் கமிஷன் 2010-இல் கொண்டுவந்த விதிகளில், ஆசிரியர் நியமனத்துக்கும் பதவி உயர்வுக்கும் மதிப்பெண் கணக்கு ஒன்று வந்தது. இத்தனை கட்டுரைக்கு இத்தனை மதிப்பெண். டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ச்சியைச் சமர்ப்பிக்குமுன் ஒரு கட்டுரையாவது அச்சேறியிருக்க வேண்டும் என்ற கட்டாயமும் வெகு காலம் இருந்தது, 2022-இல்தான் எடுத்தார்கள். கட்டுரையைப் படித்துப் பார்க்க ஆள் வேண்டும், நேரம் வேண்டும், விஷயஞானம் வேண்டும். எண்ணுவதற்கு விரல் போதும். எண்ணுகிறவர் கையில் அதிகாரத்தைக் கொடுத்துவிட்டு, எண்ணிக்கை பெருகிவிட்டதே என்று ஆச்சரியப்படுவது என்ன நியாயம்? பிறகு நல்ல சஞ்சிகைகளுக்கு ஒரு பட்டியல் போட்டார்கள். 2018 மே மாதம் அதே பட்டியலிலிருந்து 4,305 சஞ்சிகைகளை நீக்கினார்கள். அப்புறம் 'கேர்' என்று புதிய பட்டியல். 2025 பிப்ரவரியில் அதையும் கைவிட்டு, கல்லூரிகளே பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டார்கள்.

இனி என் ஐந்து விரல்களைப் பற்றி.

என் நண்பர் மகள் ஒருத்தி கடற்கரையோரத்துக் கல்லூரியில் தற்காலிக விரிவுரையாளராக இருந்தாள். சொந்தக் கிராமத்தைச் சுற்றிப் பதினேழு கிணறுகளில் ஒரு வருஷ காலம் மாதாமாதம் தண்ணீர் எடுத்து உப்பை அளந்திருந்தாள். எந்தக் கிணறு எந்த மாதத்தில் கெடுகிறது, பக்கத்து இறால் பண்ணைக்கும் அதற்கும் என்ன தூரம் என்றெல்லாம் கணக்கு வைத்திருந்தாள். வெயிலில் அலைந்து முகம் கறுத்ததுதான் கண்ட பலன் என்று அவள் அம்மா முணுமுணுப்பாள். கட்டுரையை ஒரு நல்ல சஞ்சிகைக்கு அனுப்பினாள். எட்டு மாதம் கழித்து இரண்டு நிபுணர்களின் குறிப்புகளோடு திரும்பி வந்தது. 'விஷயம் முக்கியமானது. ஒரு வருஷ மழையை வைத்து முடிவு கட்டக்கூடாது. இன்னும் ஒரு வருஷம் அளந்து அனுப்புங்கள்' என்று. எனக்கு அந்தக் குறிப்புகளைப் படித்துக் காட்டினாள். என் கதையை இவ்வளவு கவனமாக யாரும் படித்ததில்லை என்று பொறாமைப்பட்டேன்.

ஆனால் நிரந்தர வேலைக்கு நேர்முகத் தேர்வு இரண்டு மாதத்தில். அது 2017. கமிஷன் பட்டியலில் இருந்த ஒரு சஞ்சிகை பத்து நாளில் போடுவதாகச் சொல்லிற்று. கட்டுரை ஒன்றுக்கு 2,500 ரூபாய். ஒரு கட்டுரையை மூன்றாக வெட்டினாள். கிணறுகள் ஒன்றில், உப்பு ஒன்றில், மழை ஒன்றில். மூன்றிலும் துறைத் தலைவர் பெயர் முதலில். அவர் அந்தக் கிணறுகளை எட்டிப் பார்த்தவர் அல்ல. 7,500 ரூபாயில் பாதியை என்னிடம் கேட்டாள். "தப்புத்தான் மாமா, எனக்குத் தெரியுது" என்றாள். தெரிந்துதான் நானும் கொடுத்தேன். வேலை கிடைத்தது. பணத்தைத் தவணையில் திருப்பிக் கொடுத்துவிட்டாள். அடுத்த வருஷம் நீக்கிய 4,305-இல் அந்தச் சஞ்சிகையும் ஒன்று. இப்போது அதன் விலாசமே இல்லை.

நேர்முகத் தேர்வில் உட்கார்ந்த பெரியவர்கள் மூன்று கட்டுரைகளையும் எண்ணினார்கள். ஒருவராவது ஒரு கிணற்றைப் பற்றி ஒரு கேள்வி கேட்கவில்லையாம். அதைச் சொல்லும்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது.

போன மாதம் வந்திருந்தாள். வேலை ஊர்ஜிதமான பிறகு இன்னும் மூன்று வருஷம் அளந்திருக்கிறாள். பழைய நல்ல சஞ்சிகைக்கே அனுப்ப ஆசை. ஆனால் ஏற்கெனவே அச்சானதைத் திரும்பப் பிரசுரிப்பதில்லை என்பது அவர்கள் விதி, நல்ல விதி. முதல் வருஷத்து அளவுகள் இல்லாமல் இந்த மூன்று வருஷத்துக்கு ஒப்பிட ஆதாரமில்லை. அவற்றைச் சேர்த்தாலோ, எங்கே எப்படி வெளிவந்தன என்று சொல்லியாக வேண்டும். நடந்ததை நடந்தபடி ஆசிரியருக்கு எழுதிவிடு என்றேன். எழுதிக்கொண்டு வந்து காட்டினாள். இரண்டு பக்கம், நல்ல கடிதம்.

"முதல் பேரு இவருடையதுன்னு இருக்கே மாமா, அதை எப்படி எழுதறது?" என்று கேட்டாள். துறைத் தலைவராக இருந்தவர் இப்போது அவள் கல்லூரியில் பிரின்சிபால்.