"அசுத்தம்" என்னும் வியாபாரம்

பெண்ணுறுப்பு இயற்கையிலேயே அசுத்தமானதென்று பயமுறுத்தி, அமெரிக்காவில் 1930-களில் தரை கழுவும் லைசாலையே பெண்கள் உள்ளே விட்டுக் கழுவும்படி விளம்பரம் செய்தார்கள். வெந்து புண்பட்டவர்கள் பலர், மாண்டவர்களும் உண்டு. வெளியில் சொல்லப் பெண்கள் வெட்கப்பட்டதே வியாபாரிக்கு முதல்!

ஆனால், 1892-லேயே ஜெர்மன் டாக்டர் டோடெர்லைன் சொன்னதென்ன? அங்கே குடியிருக்கும் நுண்ணுயிர்கள் லாக்டிக் அமிலத்தை உண்டாக்கி, கெட்ட கிருமிகளை அண்டவொட்டாமல் காக்கின்றன என்பதுதான். (தயிரைப் புளிக்கச் செய்கிறவற்றிற்கு இவை பங்காளிகள். அதற்காகத் தயிரை எடுத்து வைத்துக்கொள்ள வேண்டாம்!) காவற்காரனைக் கழுவிக் கொட்டிவிட்டு, திருடன் வந்தானென்று அழுவதா?

2020-ல் அமெரிக்காவில் வெளியான பரிசோதனையில், மருந்தால் நோய் தீர்ந்த பெண்களில் அந்நுண்ணுயிரை வைத்துக்கொண்டவர்களுக்கு 12 வாரத்திற்குள் நோய் திரும்பியது 100-க்கு 30 பேருக்கு. வெறும் பொடி வைத்தவர்களுக்கு 45. பூரண வெற்றியல்லதான். கழுவச் சொன்னவன் இப்படியொரு கணக்காவது காட்டினானா?