எத்தனை எலிமென்ட்னு கேட்காதீங்க

ப்ராஜெக்ட் ரிவ்யூல சிமுலேஷன் படம் வந்ததும் முதல் கேள்வி: "மெஷ்ல எத்தனை எலிமென்ட்?" பத்து லட்சம்னா தலையாட்டுவாங்க. ஐயாயிரம்னா முகம் மாறும். இந்த அளவுகோலே தப்புங்கறதுதான் என் கட்சி.

ஒரு உதாரணம் பாருங்க. மாடல் ரிடக்ஷன் முறைகளைச் சோதிக்க ஆராய்ச்சியாளர்கள் பொதுவில் வைத்திருக்கும் கணக்குகளில் ஒன்று மைக்ரோ த்ரஸ்டர். சிலிக்கானில் செய்த குட்டி ராக்கெட். அதன் வெப்ப மாடலில் 4257 சமன்பாடுகள். மேலே, கீழே, பக்கவாட்டில் வெப்பம் எவ்வளவு எளிதாக வெளியேறும் என்று சொல்ல மூன்று ஃபிலிம் கோஎஃபிஷியன்ட்கள். ஒவ்வொன்றுக்கும் பத்து மதிப்பு வைத்தால் ஆயிரம் ரன். லேப்டாப் கதறுவது இங்கேதான்.

உடனே நாம என்ன பண்றோம்? மெஷ்ஷைப் பெரிசாக்குறோம். அதில் போவது வடிவத்தின் நுணுக்கம்.

வேறு வழி இருக்கு. கோஎஃபிஷியன்ட் மாறினாலும் வெப்பநிலைப் படங்கள் பெரும்பாலும் ஒரே ஜாடையில்தான் இருக்கும். சில ரன்களை மட்டும் முழுசா ஓட்டி, அந்த ஸ்னாப்ஷாட்களை ஒரு மேட்ரிக்ஸில் அடுக்கி எஸ்விடி போடுங்க. முக்கியமான சில வடிவங்கள் கிடைக்கும். முழு மாடலை அவற்றின் மேல் ப்ரொஜெக்ட் பண்ணினால் 4257 சமன்பாடு சில பத்தாகச் சுருங்கும். கோஎஃபிஷியன்ட்கள் மேட்ரிக்ஸுக்கு வெளியே வெறும் பெருக்கலாக நிற்பதால் ஒருமுறை சுருக்கினால் போதும். பிறகு எந்த மதிப்புக்கும் சின்னக் கணக்குதான்.

இது குறுக்கு வழியான்னு கேட்டா, இல்லை. அதிர்வுக் கணக்குகளில் கையன் 1965-லும், க்ரெய்க்கும் பேம்ப்டனும் 1968-லும் தந்த சுருக்கும் முறைகள் இன்னும் புழக்கத்தில் இருக்கு.

ஆனா ஒரு ஆபத்து. காற்று தானாகக் குளிர்விக்கும் 5 முதல் 25 வரையிலான மதிப்புகளில் ஸ்னாப்ஷாட் எடுத்துட்டு, தண்ணீர்க் குளிர்விப்புன்னு 1000 போட்டாலும் சின்ன மாடல் விடை தரும். கலர் படமும் அழகா வரும். தப்புன்னு மட்டும் சொல்லாது. அதை நம்பி ஒருத்தர் ஹீட் சிங்க் டிசைன் பண்ணினா?

அதனால கிடைத்த விடையை முழுச் சமன்பாட்டில் திரும்பப் போட்டு, எவ்வளவு மிச்சம் நிக்குதுன்னு பாருங்க. ஸ்னாப்ஷாட்டில் சேராத ஓரிரு மதிப்புகளுக்கு முழு மாடலையும் ஓட்டி ஒப்பிடுங்க. அந்த ஒப்பீடு ஒரு ஸ்லைடாவது ரிப்போர்ட்டில் இருக்கணும்.

அடுத்த ரிவ்யூல பார்வையாளரா உட்கார்ந்தா, எலிமென்ட் கணக்கை விடுங்க. "இந்த மாடலை எந்த எல்லை வரைக்கும் நம்பலாம், பிழை எவ்வளவு?"ன்னு கேளுங்க. நம்மகிட்டயும் யாராவது அதைக் கேட்கட்டும்.