கை ரேடியோவின் எல்லை

‘வாக்கி டாக்கி’ என்னும் கை ரேடியோவை எந்தக் கிராமத்தில் இருப்பவரும் இன்று கைபேசி மூலமாகவே வரவழைத்துக்கொள்ளலாம். திருவிழாத் தொண்டர், கட்சி ஊழியர், வெள்ளக் காலத்தில் கரை காப்போர் ஆகிய அனைவருக்கும் இது நல்ல சாதனமே. ஆனால் இது எவ்வளவு தூரம் பேசும் என்ற விஷயத்தில் வியாபாரிகள் சொல்வதும் வயல்வெளியில் நடப்பதும் ஒன்றல்ல. அமெரிக்கக் கடைகளில் ‘35 மைல் வரை’ என்று அச்சிட்ட பெட்டிகள் விற்கப்படுகின்றன. அங்கே வாங்கியவர்கள் ஊருக்குள் கண்டதோ ஒன்றிரண்டு மைல்தான். அந்த வழக்கம் நம் நாட்டுச் சந்தைக்கும் வந்துவிட்டது.

உண்மை யாது? இவ்வகைக் கருவிகளின் அலைகள் பெரும்பாலும் நேர்கோட்டில் செல்வன. பூமியோ உருண்டை. 1.5 மீட்டர் உயரத்தில் கருவியைப் பிடித்து நிற்பவருக்கு ரேடியோ அடிவானம் சுமார் 5 கிலோமீட்டர். எதிரில் இருப்பவருக்கும் அவ்வளவே. ஆகவே மரமும் வீடும் மேடும் இல்லாத வெட்டவெளியிலும் இருவருக்கும் இடையே 10 கிலோமீட்டருக்கு மேல் எதிர்பார்க்க நியாயமில்லை. அதுவும் கணக்கில்தான். தரையில் பட்டுத் திரும்பும் அலை நேராக வரும் அலையைக் குலைப்பதால், வழக்கில் கிடைப்பது அதிலும் குறைவு.

மேச்சேரியை எடுத்துக்கொள்வோம். கடைவீதியில், காரைக் கட்டடங்களுக்கு நடுவே, அரை வாட்டுக் கருவி ஒரு கிலோமீட்டர் பேசினால் அதுவே திருப்தி. மேச்சேரி ஆடுகள் மேயும் புன்செய் வெளியில் இரண்டு மூன்று கிலோமீட்டர் பேசலாம். அங்கிருந்து மேட்டூர் அணை 10 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது. தரையில் நிற்கும் இருவர் அவ்வளவு தூரத்துக்கு இதை நம்பியிருப்பது பேதைமை. ஆனால் 25 கிலோமீட்டருக்கும் அப்பாலுள்ள ஏற்காட்டு மலையில், மேற்குச் சமவெளி கண்ணுக்குத் தெரியும் ஓரிடத்தில் ஒருவர் நின்றால், அதே சிறு கருவி மேச்சேரியோடு பேசக்கூடும். விளம்பரக்காரர் காட்டும் கிலோமீட்டர் இத்தகைய மலை உச்சிக் கிலோமீட்டரே.

அதிக சக்தியுள்ள கருவியை வாங்கினால் குறை தீருமென்பர் சிலர். அரை வாட்டை 5 வாட்டாக்கினால் சக்தி பத்து மடங்காகிறது. ஆனால் தரையை ஒட்டிச் செல்லும் பேச்சின் தூரம் இரண்டு மடங்கைக்கூட எட்டுவதில்லை. 9 மீட்டர் உயர மொட்டை மாடியில் ஏறி நின்றாலோ, ஒருவரது ரேடியோ அடிவானம் மட்டுமே 12 கிலோமீட்டராகிறது. பணத்தைவிட உயரமே இங்கு பலன் தருவது. இது புதிய ஞானமுமன்று. இரண்டாவது உலக யுத்தத்தில் அமெரிக்கச் சிப்பாய்கள் ஏந்திய கை ரேடியோவுக்குத் தரையில் ஒரு மைல், கடல் நீரின்மேல் மூன்று மைல் என்றே கணக்கிட்டிருந்தனர். யுத்தகளத்தில் பொய்க்கணக்கு உயிரைக் கொல்லும் என்பது அவர்களுக்குத் தெரியும்.

நமக்கும் அது தெரிந்திருக்க வேண்டும். 2024 ஜூலையிலும் 2025 ஜூனிலும் மேட்டூர் அணை 120 அடி நிரம்பியது. உபரி நீர் பாயும் வேளையில் கரையில் நிற்கும் தொண்டர், பெட்டியின்மேல் அச்சிட்ட எண்ணை நம்பித் தம் தோழரை எட்டாத தூரத்தில் நிறுத்தினால், எச்சரிக்கை போய்ச் சேராது. பத்திரகாளியம்மன் திருவிழாக் கூட்டத்தில் குழந்தை காணாமற்போனாலும் இதே கதிதான்.

‘வரை’ என்ற சொல்லைப் போட்டிருக்கிறோமே, அது பொய்யாகுமா என்று வியாபாரிகள் கேட்கக்கூடும். வாங்குகிறவன் மலை உச்சியில் குடியிருக்கவில்லை. அவன் நிலையில் ஒருபோதும் கிட்டாத எண்ணைப் பெரிய எழுத்தில் காட்டுவது, சட்டத்துக்குத் தப்பினாலும் நேர்மைக்குத் தப்பாது.

சர்க்கார் சும்மா இருக்கவில்லை. லைசென்ஸ் தேவையா, அலைவரிசை எது என்பதைச் சொல்லாமல் வாக்கி டாக்கிகளை விற்றதற்காக மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2025 மே மாதத்தில் இணைய வியாபாரத் தலங்களுக்கு 13 நோட்டீசுகள் அனுப்பியது. அவ்வருஷமே வழிகாட்டு நெறிகளையும் வெளியிட்டது. 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸ் வரையில் இயங்கும் சிறு சக்திக் கருவிகளுக்கு 2018ம் வருஷத்து விதிகள் லைசென்ஸ் விலக்கு அளித்துள்ளன. இவை வரவேற்கத்தக்கவை. ஆனால் அலைவரிசையைச் சொன்னால் போதாது. தூரத்தையும் ஒழுங்காகச் சொல்ல வேண்டும்.

1933ல் அந்நிய ஆட்சி, லைசென்ஸ் இன்றிக் கம்பியில்லாக் கருவி வைத்திருப்பதைக் குற்றமாக்கியது. 1942ல் உஷா மேத்தாவும் தோழர்களும் பம்பாயில் இரகசியக் காங்கிரஸ் ரேடியோ நடத்திச் சிறை புகுந்தனர். அத்தகையோர் தியாகத்தால் விடுதலை பெற்ற நாட்டின் ஆகாயம் ஜனங்களுடையது. அதில் பேசும் உரிமையை அளந்து கொடுக்கும் சர்க்கார், விற்பவரின் சொல்லையும் அளக்கக் கடமைப்பட்டது.

ஆகவே ஒவ்வொரு பெட்டியிலும் ஊருக்குள் எவ்வளவு, வெட்டவெளியில் எவ்வளவு, மலையிலிருந்து சமவெளிக்கு எவ்வளவு என மூன்று தூரங்களையும் சோதித்து அச்சிடும்படி ஆணையம் கட்டாயப்படுத்த வேண்டும். நம் தொண்டர் சங்கங்களும் திருவிழாவுக்கு முந்திய நாளே கருவியைக் கையிலெடுத்து, ஊரைச் சுற்றி நடந்து, பேச்சு எங்கே அறுகிறதென்று குறித்துக்கொள்ளட்டும். அந்தக் குறிப்பே நம்பத்தக்க விளம்பரம்.