கீமோ என்ற சொல்லுக்கு அஞ்சலாமா?

ஷா ஆலத்திலோ கிள்ளானிலோ லூபஸ் நோயாளிக்கு மருத்துவர் சைக்ளோபாஸ்பமைடு தரலாம் என்றதும், "கேன்சர் இல்லையே, எதற்குக் கீமோ?" என்று வீட்டார் கலங்குவது இயல்பு. மருந்தின் பூர்வீகமும் அப்படித்தான்: போரில் வீசிய மஸ்டர்ட் நச்சின் வழிவந்த ரசாயனம், 1950களில் ஜெர்மனியில் புற்றுநோய்க்காக உருவானது. ஆனால் மருந்தைப் பூர்வீகத்தால் அல்ல, அளவால்தான் எடைபோட வேண்டும். லூபஸில் உடலைக் காக்க வேண்டிய வெள்ளணுக்களில் ஒரு பகுதி சொந்த உடலையே, பலருக்குச் சிறுநீரகத்தையும், தாக்கிப் பெருகுகிறது. பெருகும் அணுக்களை இம்மருந்து அழிக்கிறது. நல்ல அணுக்களும் சேர்ந்து அடிபடும், மறைப்பதற்கில்லை. அதனால்தான் ஐரோப்பிய மருத்துவர்கள் அளவைக் குறைத்துப் பார்த்தார்கள்: இரு வாரத்துக்கு ஒருமுறை 500 மில்லிகிராம், ஆறு முறை, மொத்தம் 3 கிராம். 2002இல் வெளியான அந்த ஆய்வில், சிறுநீரகத்தைக் காப்பதில் வழக்கமான உயர் அளவு மருந்துக்கு இது சளைக்கவில்லை. பத்தாண்டு கழித்தும் நிலை அதுவே. வெள்ளைக்காரர் உடம்பு வேறு என்பது நியாயமான சந்தேகம். 2016இல் சண்டிகர் மருத்துவர்கள் 100 இந்திய நோயாளிகளிடம் இதே குறைந்த அளவை மைக்கோபினலேட் என்ற மற்றொரு லூபஸ் மருந்துடன் ஒப்பிட்டபோது, 24 வாரத்தில் இரண்டும் ஏறத்தாழ ஒரே பலன் தந்தன. மிகக் கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்கள் அதில் இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

மூட்டுவாதத்துக்குத் தரும் மெத்தோட்ரெக்சேட்டும் இதுபோல் ஒரு கீமோ மருந்துதான், வகை வேறு. சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த சுப்பாராவ் அமெரிக்காவில் நடத்திய ஆராய்ச்சியில் பிறந்த மருந்துக் குடும்பம் அது. புற்றுநோய்க்குக் கிராம் கணக்கிலும் ஏற்றுவார்கள். மூட்டுக்கு வாரம் ஒருமுறை, பெரும்பாலும் 25 மில்லிகிராமைத் தாண்டாது. வாரத்துக்கு உரியதைத் தவறுதலாகத் தினமும் விழுங்கி உயிரிழந்தவர்கள் பல நாடுகளில் உண்டு. ஆபத்து ஒளிந்திருக்கும் இடம் இதுதான். தமிழில் தெளிவாக எழுதிய மருந்துச் சீட்டு இங்கே உயிர் காக்கும்.

சைக்ளோபாஸ்பமைடால் கருத்தரிக்கும் வாய்ப்பு குறையுமே, தொற்று வருமே என்ற அச்சம் பொய்யல்ல. ஆனால் கருத்தரிப்புக்கான ஆபத்து வயதோடும் மொத்த அளவோடும் கூடுவது. கட்டுப்படாத லூபஸோ டயாலிசிஸில் கொண்டு விடக்கூடும். நாட்டு மருந்தே பாதுகாப்பு என்போருக்கு ஒன்று: டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டெராய்டு கலந்த பாரம்பரிய மருந்துகளைப் பற்றி மலேசியாவின் சுகாதார அமைச்சு பலமுறை எச்சரித்திருக்கிறது. அங்கே அளவும் தெரியாது, ரத்தச் சோதனையும் கிடையாது. கீமோ காலாவதியானதும் அல்ல: 2021இல் ஜெர்மனியில் லூபஸுக்குத் தொடங்கிய புதிய உயிரணு சிகிச்சையிலும்கூட முன்னேற்பாடாகச் சைக்ளோபாஸ்பமைடும் ஏற்றுகிறார்கள். ஆகவே மருந்தைத் தானாக நிறுத்தாதீர்கள். எத்தனை மில்லிகிராம், எந்தக் கிழமை, அடுத்த ரத்தச் சோதனை எப்போது, குழந்தை ஆசைக்கு என்ன வழி என்று மருத்துவரிடம் கேளுங்கள். பதில் புரியும்வரை கேளுங்கள்.