பழைய வெளிநாட்டு பாய்லருக்கு உதிரிபாகம்: மாங்காய் சீசனுக்கு முன் கவனிக்க வேண்டியவை

விவசாயிகளே, கிருஷ்ணகிரியில் பெங்களூரா மாங்காய் பெரும்பாலும் கூழ் ஆலைகளை நம்பியே விற்பனையாகிறது. சீசனில் ஆலையின் பாய்லர் நின்றால் பறித்த காய் லாரியிலேயே அழுகும். குழுவாக ஆலை நடத்துபவர்களுக்கு இழப்பு இரட்டிப்பு.

உங்கள் விறகு பாய்லர் பழைய வெளிநாட்டு இயந்திரமா? தயாரித்த நிறுவனத்திடம் இப்போது பாகம் கிடைக்காமல் போகலாம். முதலில் பாகங்களை இரண்டாகப் பிரியுங்கள்.

அழுத்தம் படாதவை: விறகு எரியும் தட்டின் கம்பிகள், அடுப்புக் கதவு, செங்கல், காற்றாடி மோட்டார். பழைய கம்பியை மாதிரியாகக் கொடுத்தால் கோவை வார்ப்பாலைகளில் ஊற்றித் தருவார்கள். கதவு, தகடு வேலைக்கு ஓசூர் பட்டறைகளே போதும்.

அழுத்தம் தாங்குபவை: டியூப், சேஃப்டி வால்வு, நீராவி வால்வு. இவற்றில் மலிவு பார்க்காதீர்கள். ஐ.பி.ஆர். சான்றுடன் மட்டுமே வாங்குங்கள். பழுது பார்க்கும் முன் கொதிகலன் துறையின் அனுமதி பெறுங்கள்.

1923-ம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக 2025 மே 1 முதல் புதிய கொதிகலன்கள் சட்டம் அமலில் உள்ளது. சில தவறுகளுக்கு அது சிறையை நீக்கி அபராதமாக்கியது. ஆனால் அனுமதியின்றி பாய்லரை மாற்றுவதும் சேஃப்டி வால்வில் கைவைப்பதும் இன்றும் குற்றமே. காரணம், வெடித்தால் போவது உயிர்.

வெளிநாட்டு மரை நம் ஊர் மரையோடு பொருந்தாமல் போகலாம். பெயர்ப்பலகையைப் படம் எடுத்து, பழைய பாகத்தையும் கையோடு கொண்டுபோங்கள்.

மே மாதம் வரை காத்திருக்க வேண்டாம். தை மாதத்திலேயே பாய்லரைத் திறந்து பாருங்கள்.